காற்றா, மழையா, உப்பா? வறண்ட நிலத்தில் மண் போகும் வழியைக் கண்டுபிடிப்பது எப்படி

மழை குறைந்த ஒரு நிலத்தில் மண் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை மரக்கன்று நடுவது. சில இடங்களில் அது கைகொடுக்கும். பல இடங்களில் கன்றும் காயும், மண்ணும் போகும். அங்கே மண்ணைக் கொண்டு போனது காற்றாக இருந்திருக்காது, வருடத்தில் நாலே நாலு தடவை கொட்டிய மழையாக இருந்திருக்கும். இல்லாவிட்டால் அடியிலிருந்து ஏறிய உப்பாக இருந்திருக்கும். காற்றுக்குச் செய்யும் வைத்தியம் தண்ணீருக்கு உதவாது, இரண்டுக்கும் செய்வது உப்பை இன்னும் ஏற்றிவிடவும் கூடும். ஆகவே கடப்பாரையைத் தொடுவதற்கு முன் காரணத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு நாள் நடையும், சில எளிய சாமான்களும், ஓர் ஆண்டுப் பொறுமையும் போதும்.

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு

மழை அளவை மட்டும் வைத்து ஒரு நிலம் எவ்வளவு வறண்டது என்று சொல்ல முடியாது. தண்ணீர் தாராளமாக இருந்தால் அந்த இடத்தின் வெயிலும் காற்றும் ஆண்டு முழுக்க எத்தனை மில்லிமீட்டரை ஆவியாக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஆண்டு மழையை அந்த அளவால் வகுங்கள். இரண்டு எண்களும் பக்கத்து வானிலை நிலையத்தில் கிடைக்கும். விடை 0.05க்குக் கீழே வந்தால் அது அதிவறள் நிலம், அதாவது ஏற்கெனவே பாலைவனம். 0.05 முதல் 0.20 வரை வறள் நிலம். 0.20 முதல் 0.50 வரை அரைவறள் நிலம். அதற்கு மேல் 0.65 வரை, ஈரமும் வறட்சியும் மாறி மாறி வரும் விளிம்பு நிலம். 400 மி.மீ. மழை, 1,600 மி.மீ. ஆவியாதல் என்றால் 0.25, அரைவறள்.

பாலைவனமாதலை எதிர்க்க 1994இல் உருவான ஐ.நா. உடன்படிக்கை 0.05 முதல் 0.65 வரை உள்ள நிலங்களைத்தான் கணக்கில் எடுக்கிறது. இயற்கையான பாலைவனம் ஒரு நோய் அல்ல, அதைக் குணப்படுத்தப் போக வேண்டாம் என்பது இதற்குள் அடங்கியிருக்கும் செய்தி. நமக்கு இந்த எண் இன்னொரு விதத்திலும் உதவும். பொதுவாக 0.20க்குக் கீழே காற்றின் கை ஓங்கியிருக்கும். 0.50க்கு மேலே தண்ணீரின் கை. நடுவில் இரண்டும் பருவத்துக்குப் பருவம் மாறி மாறி வேலை செய்யும். கண்டுபிடிப்பதில் சிக்கல் அதிகம் இந்த நடு நிலங்களில்தான்.

மழை குறையக் குறைய மண்ணரிப்பும் குறையும் என்று நினைப்பது இயல்பு. நிலைமை அப்படி இல்லை. அமெரிக்க ஆறுகள், நீர்த்தேக்கங்களின் வண்டல் அளவுகளை வைத்து லாங்பீன், ஷூம் ஆகிய இரண்டு ஆய்வாளர்களும் 1958இல் காட்டியபடி, ஆண்டுக்குச் சுமார் 300 மி.மீ. மழை பெறும் நிலங்களில்தான் வண்டல் உச்சத்தில் போகிறது. அதைவிட மழை குறைந்தால் அடித்துச் செல்லத் தண்ணீர் போதாது. அதைவிடக் கூடினால் புல் முளைத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மண்ணைக் கரைக்கப் போதுமான மழை, ஆனால் மண்ணை மூடும் அளவுக்குச் செடி வளர்க்கப் போதாத மழை: இந்த இடைவெளியில்தான் அரைவறள் நிலங்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

எடுத்துச் செல்ல வேண்டியவை

15 செ.மீ. விட்டமும் 12 முதல் 15 செ.மீ. உயரமும் உள்ள இரும்பு வளையம் ஒன்று, விளிம்பு கூராக இருக்க வேண்டும். மரக்கட்டை, சுத்தியல். அளவு குறித்த குடுவை. கடிகாரம். மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் 5 லிட்டர். அகலமான கண்ணாடிக் கிண்ணம். 1 லிட்டர் கண்ணாடி பாட்டில், துளி சோப்புத்தூள். ஏறத்தாழ 0.84 மி.மீ. கண் உள்ள சல்லடை. 30 செ.மீ. நீளமுள்ள இரும்புக் கம்பிகள் 20, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாஷர். அளவு நாடா, திசைகாட்டி, நோட்டுப் புத்தகம். இவ்வளவுதான். குழாய்த் தண்ணீரைக் கொண்டு போகாதீர்கள். அதில் கரைந்திருக்கும் உப்பு, கீழே சொல்லப்போகும் ஒரு சோதனையின் விடையையே மாற்றிவிடும்.

நடை: மேட்டிலிருந்து பள்ளத்துக்கு

காலை அல்லது மாலை வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தில் நடங்கள். உச்சி வெயிலில் சின்ன மேடு பள்ளம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மேட்டின் உச்சியில் தொடங்கி, தண்ணீர் ஓடும் திசையில் பள்ளம் வரை ஒரு கோடு. பிறகு அதற்குக் குறுக்கே ஒன்று. ஒவ்வொரு 20 அடி நடைக்கும் நின்று தரையைப் பாருங்கள்.

தண்ணீர் விட்டுப்போகும் தடயங்கள் இவை. கூழாங்கல் ஒவ்வொன்றும் ஒரு சின்ன மண் தூணின் மேல் உட்கார்ந்திருக்கும். கல் குடையாக இருந்த இடத்தில் மண் தப்பியது, சுற்றியுள்ளது மழைத்துளி அடித்துத் தெறித்துப் போனது. காய்ந்த சருகும் குச்சியும் சரிவுக்குக் குறுக்கே வளைவு வளைவாக ஒதுங்கிக் கிடக்கும். செடித் தண்டுகளில் சேறு தெறித்த கறை இருக்கும். கொட்டும் மழையில் இந்தத் தெறிப்பு 60 செ.மீ. உயரம் வரைகூடப் போகும். சரிவின் அடியில் புது மண் விசிறிபோல் பரவிக் கிடக்கும்.

காற்றின் தடயங்கள் வேறு. செடியின் ஒரு பக்கம் மட்டும் வேர் வெளியே தெரியும், எதிர்ப்பக்கம் மணல் வால் நீண்டிருக்கும். அந்த வால் எந்தப் பக்கம் நீள்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது. திசைகாட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். மணல் பரப்பில் சிற்றலை வரிகள் காற்றுக்குக் குறுக்கே ஓடும். பொடி மண் போய் பரலும் கல்லும் மட்டும் மிஞ்சி, பாவிய தரைபோல் ஆகியிருக்கும்.

இங்கே ஏமாற வாய்ப்புள்ள இடம் ஒன்று உண்டு. புதர் மேட்டின் மேல் நிற்பதைப் பார்த்தவுடன் சுற்றியுள்ள மண் அவ்வளவு ஆழம் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த மேடு, காற்றில் வந்த மணலைப் புதர் பிடித்து வைத்ததாலும் உண்டாகியிருக்கலாம். மேட்டைப் பாதியாக வெட்டிப் பாருங்கள். உள்ளே சுற்றுப்புற மண்ணின் அடுக்குகளே தொடர்ந்தால், சுற்றியுள்ளது அரித்துப் போனது உண்மை. உள்ளே அடுக்கில்லாத சலித்த மணலும், அதில் புதைந்த பழைய கிளைகளும் இருந்தால் அது சேர்ந்த மேடு. முதலாவது இழப்பு. இரண்டாவது, இன்னோர் இடத்தின் இழப்பு.

நடந்து முடித்ததும் நிலத்தின் மூடாக்கையும் எண்ணிவிடுங்கள். கோட்டின் வழியே 100 இடங்களில் கால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கம்பியைக் குத்தி, அது உயிருள்ள செடியில் பட்டதா, சருகில் பட்டதா, கல்லிலா, வெறும் மண்ணிலா என்று குறியுங்கள். வெறும் மண் 70க்கு மேல் வந்தால் எச்சரிக்கை. தரையில் 30 விழுக்காடு செடியோ சருகோ இருந்தாலே தண்ணீரால் போகும் மண் பாதிக்கும் கீழே இறங்கும். காற்றுக்கு இதைவிடவும் பலன் அதிகம். முழுசாகப் பச்சையாக வேண்டும் என்று ஆசைப்பட வேண்டியதில்லை.

தண்ணீர் ஏன் உள்ளே இறங்குவதில்லை

மழை நின்ற மறுநாள் வறண்ட நிலத்தில் ஒரு சில்லு மண்ணைப் பெயர்த்து விளிம்பைப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டர் தடிமனில் இறுகிய தகடு ஒன்று தனியாகத் தெரியும். அதுதான் பொருக்கு. மழைத்துளி மண் கட்டியை உடைக்கிறது. உடைந்த பொடி இடுக்குகளில் போய் அடைகிறது. காய்ந்ததும் ஓடுபோல் இறுகுகிறது. அடுத்த மழை இந்த ஓட்டின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். வண்டலும் மிக நுண்ணிய மணலும் அதிகமுள்ள மண்ணில் இது விரைவாக உண்டாகும். ஏனென்றால் மணல்போல் கனமும் இல்லை, களிபோல் ஒட்டும் இல்லை.

வளையச் சோதனை செய்யும் விதம்: பொருக்கு உடையாத ஓர் இடத்தைத் தேர்ந்து, வளையத்தைச் செங்குத்தாக 5 முதல் 7 செ.மீ. வரை இறக்குங்கள். கோணலாக அடித்தால் விளிம்பைச் சுற்றி வெடிப்பு விழும், தண்ணீர் அந்த வழியே ஓடிவிடும், அளவு பொய்யாகும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து 440 மி.லி. தண்ணீரை ஊற்றி, தாளை மெதுவாக உருவுங்கள். நேராக ஊற்றினால் நீங்களே பொருக்கை உடைத்துவிடுவீர்கள். 440 மி.லி. என்பது இந்த வளையத்தில் 25 மி.மீ. மழைக்குச் சமம். முதல் ஊற்று மண்ணை நனைக்க மட்டும். அது இறங்கியதும் மறுபடி 440 மி.லி. ஊற்றி, பளபளப்பு மறையும் வரை நேரம் பாருங்கள். 15 நிமிடத்தில் இறங்கினால் மணிக்கு 100 மி.மீ. வேகம், ஒன்றரை மணி ஆனால் சுமார் 17 மி.மீ. ஒற்றை வளையத்தில் தண்ணீர் பக்கவாட்டிலும் பரவுவதால் உண்மை வேகம் இதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். வறண்ட நிலத்து மழை சில நிமிடங்களுக்காவது மணிக்கு 25 மி.மீ. வேகத்தைத் தாண்டிக் கொட்டும், அரிப்பைத் தொடங்கி வைப்பதும் அந்த வேக மழைதான். உங்கள் எண் அதற்குக் கீழே இருந்தால் மேலே விழும் மிச்சம் முழுக்க ஓடும் நீர்.

இப்போது பக்கத்திலேயே, கத்தியால் பொருக்கை மட்டும் சீவி எடுத்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பலரும் விட்டுவிடும் படி இது. பொருக்கை எடுத்ததும் வேகம் பல மடங்கு கூடினால் குற்றம் மேல்தகட்டில். கிளறலும் மூடாக்கும் போதும். வேகம் மாறவே இல்லை என்றால் அடியில் இறுகிய அடுக்கோ, சோடியம் ஏறிய களியோ இருக்கிறது. மேலே எவ்வளவு கிளறினாலும் அடுத்த மழையோடு பழைய கதைதான்.

சோடியம் இருக்கிறதா என்று பார்க்கக் கிண்ணத்தில் மழைநீரை விட்டு, நன்றாகக் காய்ந்த பட்டாணி அளவு மண் கட்டிகள் மூன்றை மெதுவாக வையுங்கள். ஆட்டக் கூடாது. 10 நிமிடம், 2 மணி நேரம், 20 மணி நேரம் கழித்து என மூன்று தடவை பாருங்கள். கட்டி அப்படியே இருந்தால் நல்ல மண். உதிர்ந்து குவிந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் மக்குப் பொருள் குறைவு. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் வெள்ளைப் புகை படர்ந்தால் அது களர் மண். சோடியம் களித் துகள்களை ஒன்றையொன்று தள்ளிவிடச் செய்து மண்ணைக் கரைக்கிறது. 10 நிமிடத்துக்குள் படர்ந்தால் கடுமையான களர். இப்படிப்பட்ட நிலத்தில் மேலே ஒன்றும் தெரியாமல் அடியில் குழாய்போல் துளை விழுந்து, ஒரு நாள் தரை பொத்தென்று உள்ளே இறங்கும். ஆழக் குழி எடுத்துத் தண்ணீரைத் தேக்கும் எந்த வேலையும் இங்கே ஆபத்து. முதலில் ஜிப்சம். வழக்கமாக ஹெக்டேருக்கு 2.5 முதல் 5 டன், மேல்மண்ணோடு கலந்து.

மண்ணில் மணல், வண்டல், களி எவ்வளவு என்று தெரிய, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சலித்த மண், மீதி தண்ணீர், துளி சோப்புத்தூள் போட்டு ஐந்து நிமிடம் குலுக்கி வையுங்கள். முதல் நிமிடத்தில் படிவது மணல். 2 மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். மறுநாள் வரை கலங்கியிருந்து படிவது களி. அடுக்குகளை அளந்து விகிதம் எடுங்கள்.

காட்டுத்தீ பட்ட நிலமாக இருந்தால் இன்னொரு சின்னச் சோதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: காய்ந்த மண்ணில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். 5 விநாடிக்கு மேல் முத்தாக நின்றால், எரிந்த செடிகளின் மெழுகுப் பொருள் மண் துகளில் பூசிவிட்டது, மண் தண்ணீரைத் தள்ளுகிறது.

காற்றின் கணக்கு

காற்று எல்லா மண்ணையும் ஒரே மாதிரி தூக்காது. 0.1 முதல் 0.5 மி.மீ. வரை உள்ள மணல் துகள் துள்ளித் துள்ளிப் போகும். காற்றால் நகரும் மண்ணில் பாதிக்கு மேல் இந்த வகைதான். அதைவிடப் பெரியது தரையில் உருளும். அதைவிடப் பொடியானது புழுதியாக ஏறி நாடு தாண்டும். ஆனால் பொடித் துகள்களைக் காற்று நேராகக் கிளப்புவது கடினம், அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். துள்ளி விழும் மணல் குண்டுபோல் மோதி அவற்றைக் கிளப்பிவிடுகிறது. இதிலிருந்து வரும் நடைமுறை முடிவு: துள்ளும் மணலை நிறுத்தினால் புழுதியும் பெரும்பாலும் நிற்கும். துள்ளும் மணலில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்துக்குள்ளேயே போகிறது. முழங்கால் உயரத் தடுப்புக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

காய்ந்த, தளர்ந்த மணலை நகர்த்தத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகக் காற்று போதும். அதற்கு மேல், நகரும் மணலின் அளவு காற்று வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது என்று மணல் நகர்வை ஆராய்ந்த பிரிட்டிஷ்காரர் பாக்னால்ட் நிறுவினார். விநாடிக்கு 8 மீட்டர் காற்று 10 மீட்டர் ஆனால் மணல் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆகவே சராசரிக் காற்று வேகம் என்ற எண் இங்கே பயன்படாது. ஆண்டு முழுக்க வீசும் மிதமான காற்றைவிட, செடி இல்லாத மாதத்தில் இரண்டு நாள் அடிக்கும் பலத்த காற்றுதான் கணக்கைத் தீர்மானிக்கும். வானிலை நிலையப் பதிவிலிருந்து விநாடிக்கு 6 மீட்டருக்கு மேற்பட்ட காற்றை மட்டும், அதுவும் தரை வெறுமையாக இருக்கும் மாதங்களுக்கு மட்டும் பிரித்தெடுத்து, திசைவாரியாகக் கூட்டுங்கள். அடிக்கடி வீசும் திசையும் மண்ணை அள்ளும் திசையும் பல இடங்களில் வேறு வேறு. வேலியைத் தப்பான திசைக்குக் குறுக்கே போடுவது இந்தக் கணக்கைச் செய்யாததால்தான்.

உங்கள் மண் காற்றுக்கு எவ்வளவு இளக்காரம் என்று அறிய, மேல் 2.5 செ.மீ. காய்ந்த மண்ணைத் தட்டையான கரண்டியால் கட்டி உடையாமல் எடுத்து, 0.84 மி.மீ. சல்லடையில் மெதுவாகச் சுழற்றுங்கள். மேலே நிற்கும் கட்டிகளைக் காற்றால் அசைக்க முடியாது. எடையில் 60 விழுக்காடு மேலே நின்றால் கவலை குறைவு. பாதிக்கும் மேல் கீழே கொட்டிவிட்டால் வெறுமையாக விடக்கூடாத மண் அது.

போகும் அளவைப் பிடிக்க ஒரு பொறியும் செய்யலாம். 100 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் இரண்டு துளை போட்டு, 8 மி.மீ. உள்விட்டமுள்ள இரண்டு வளைந்த குழாய்களைச் செருகுங்கள். ஒன்றின் வாய் காற்றைப் பார்க்கட்டும், மற்றது எதிர்ப்பக்கம். குழாயில் வேகமாக நுழையும் காற்று அகன்ற பாட்டிலுக்குள் வேகம் இழந்து மணலைக் கீழே போட்டுவிட்டு மற்ற வாய் வழியே வெளியேறும். இப்படி நாலைந்து பாட்டில்களை 5, 15, 30, 60, 100 செ.மீ. உயரங்களில், காற்றோடு திரும்பும் கம்பத்தில் கட்டுங்கள். ஒவ்வொரு காற்றுக்கும் பிறகு எடை போடுங்கள். குழாய் வாயின் பரப்பு அரைச் சதுர செ.மீ., ஆகவே எடையை இரண்டால் பெருக்கினால் ஒரு சதுர செ.மீ. வழியே போனது கிடைக்கும். மழை பெய்தால் குழாய் வாயில் மண் அடைத்துக்கொள்ளும். அந்த அளவை விட்டுவிடுங்கள்.

உப்பு

நிலத்தடி நீர் மேலிருந்து 2 மீட்டருக்குள் இருந்தால் மண்ணின் நுண்துளைகள் வழியே அது மேலேறும். வெயில் தண்ணீரை எடுத்துக்கொள்ளும், உப்பு மிஞ்சும். வடிகால் இல்லாத தாழ்நிலங்களில் மனிதன் கை வைக்காமலே இது நடக்கிறது. மண் மேல் வெள்ளைப் பூச்சு, காலை வைத்தால் பஞ்சுபோல் உள்ளே அமுங்கும் தரை, புல் வட்ட வட்டமாகச் செத்துப் போவது ஆகியவை அடையாளம். உப்புப் படிகம் வளரும்போது மேல்மண்ணை உப்பவைத்துப் பொலபொலவென்று ஆக்கிவிடும். பிறகு காற்றுக்கு அது சுலபமான இரை. மின்கடத்துத்திறன் மீட்டரில், செறிவூட்டிய மண் சாற்றுக்கு (மண்ணைக் குழம்பாகும் வரை நனைத்து வடித்த நீர்) மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் வந்தால் உவர் நிலம். இங்கே நீரைத் தேக்கினால் நிலத்தடி நீர் இன்னும் ஏறும், நிலைமை மோசமாகும். வடிகால் வழி கிடைக்காத வரை உப்பைத் தாங்கும் செடிகளை வளரவிட்டு ஒதுங்குவதுதான் உத்தமம்.

வறட்சியா, பாலைவனமாதலா

சஹாரா, சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை, ஏரிகளும் புல்வெளியுமாக இருந்தது. பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடும் சுழற்சியால் கோடை வெயிலின் பலம் மாறி, பருவமழை தெற்கே இறங்கிவிட்டது. அதன் தெற்கு விளிம்பான சாஹெல் பகுதியில் 1960களின் கடைசியில் தொடங்கி 1980கள் வரை நீடித்த பெரும் வறட்சிக்கு, கால்நடை மேய்ச்சல்தான் காரணம் என்று அப்போது பலமாகப் பேசப்பட்டது. பிறகு கடல் மேற்பரப்பு வெப்பநிலை மாற்றமே முதன்மைக் காரணம் என்று தெரிந்தது. மழை ஓரளவு திரும்பியதும் பசுமையும் பல இடங்களில் திரும்பியது. பாலைவன விளிம்பு முன்னும் பின்னும் போய்வரும். ஒரு வறண்ட ஆண்டின் புகைப்படத்தை வைத்துப் பாலைவனம் விரிகிறது என்று அறிவிப்பது அவசர வேலை.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. உங்கள் இடத்துக்குக் குறைந்தது 15 ஆண்டு மழை அளவையும், அதே ஆண்டுகளின் செயற்கைக்கோள் பசுமைக் குறியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972இலிருந்து இலவசமாகக் கிடைக்கின்றன. மழை குறைந்தபோது பசுமை குறைந்து, மழை வந்தபோது திரும்பியிருந்தால் அது வறட்சி. மழை திரும்பியும் பசுமை திரும்பாவிட்டால் நிலம் கெட்டுவிட்டது. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஹொர்னாடா சமவெளியில் புல்வெளி போய், நடுநடுவே வெறும் மணல் விட்ட முள்புதர்க் காடு வந்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் புதரும் பச்சைதான். ஆகவே படத்தோடு நிற்காமல் முன்பு எண்ணிய 100 புள்ளிகளைத் துணைக்கு வையுங்கள்.

இயற்கை அரிப்பா, நம் கைவேலையா என்பதை அறிய, வேலி போட்டுப் பல ஆண்டு மேய்ச்சலும் உழவும் படாத ஒரு துண்டைத் தேடுங்கள். அதே சரிவு, அதே மண்ணாக இருக்க வேண்டும். வேலிக்கு உள்ளும் வெளியும் ஒரே மாதிரி போகிறது என்றால் மண்ணின் இயல்பு அது. களிப்பாறை, காற்றில் படிந்த வண்டல் மேடு, கீழே ஆறு ஆழமாகி மேல்நோக்கி ஏறிவரும் ஓடைவாய் போன்றவை மனிதன் இல்லாவிட்டாலும் அரியும்.

எவ்வளவு வேகம்

கம்பிகளை 5 மீட்டர் இடைவெளியில், மேட்டிலிருந்து கீழ்நோக்கி வரிசையாக 20 செ.மீ. இறக்கி, வாஷரைத் தரையில் படும்படி விட்டு, மேலே தெரியும் நீளத்தை மில்லிமீட்டரில் குறியுங்கள். ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் மறுபடி அளவு. வாஷர் தரையோடு கீழே இறங்கும். மண் மேலே படிந்தால் வாஷர் புதையும். இரண்டையும் இப்படித் தனித்தனியாக அறியலாம். களிமண் ஈரத்தில் உப்பிக் காய்ந்ததும் சுருங்கும் என்பதால் எப்போதும் காய்ந்த நிலையில் அளவெடுங்கள்.

சராசரி 1 மி.மீ. இழப்பு என்றால் ஹெக்டேருக்கு 10 கன மீட்டர், ஏறத்தாழ 14 டன். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. வறண்ட நிலத்தில் புது மண் உண்டாகும் வேகம் ஆண்டுக்கு இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

இனிதான் வேலை

தண்ணீர்தான் காரணம், சரிவும் மெல்லியது என்றால் கல் வரிகள். சம உயரக் கோட்டைக் குறிப்பதுதான் இதன் உயிர். 2 மீட்டர் கழிகள் இரண்டை முக்கோணமாகக் கட்டி, குறுக்குச் சட்டம் வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். நூல் சட்டத்தில் விழும் இடத்தைக் குறித்து, கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். கோடு குறித்ததும் 10 முதல் 15 செ.மீ. ஆழ வாய்க்கால் எடுத்து, பெரிய கல்லை அடியில் பதித்து, மேட்டுப் பக்கம் பொடிக் கல்லால் இடுக்கு நிரப்பி, 25 செ.மீ. உயரம் வரை அடுக்குங்கள். தண்ணீர் கசிந்து போக வேண்டும், நிற்கக் கூடாது. ஒரே இடத்தில் கல் சரிந்து வாய் திறந்தால் மொத்தத் தண்ணீரும் அங்கே திரண்டு, இல்லாத ஓடையை உண்டாக்கும். முதல் மழைக்கு மறுநாளே போய்ப் பாருங்கள்.

இறுகிப்போன வெற்றுத் தரைக்கு, ஆண்டு மழை 300 முதல் 800 மி.மீ. வரை உள்ள இடங்களில், மேற்கு ஆப்பிரிக்க நாடான பர்கினா ஃபாசோ உழவர்களின் ஸாய் குழிகள் நன்றாக வேலை செய்கின்றன. 20 முதல் 30 செ.மீ. அகலம், 15 முதல் 20 செ.மீ. ஆழம், 80 செ.மீ. இடைவெளி, குழிக்கு இரண்டு கைப்பிடி மக்கிய எரு. தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் பிறைபோல் வையுங்கள். எரு கறையான்களை இழுக்கும், கறையான் துளைகள் பொருக்கின் அடிவரை தண்ணீரை இறக்கும். மணல் நிலத்தில் இதைச் செய்யாதீர்கள், முதல் காற்றிலேயே குழி மூடிவிடும்.

ஓடை விழுந்துவிட்டால் ஒரு பெரிய தடுப்பைவிடப் பல சின்னக் கல் தடுப்புகள் நல்லது. கீழ்த் தடுப்பின் வழிந்தோடும் மட்டம், மேல் தடுப்பின் அடிமட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். 6 விழுக்காடு சரிவில் 60 செ.மீ. தடுப்பு என்றால் 10 மீட்டருக்கு ஒன்று. நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்வாகவும், இரு கரைக்குள் 50 செ.மீ. புதைந்தும், விழும் நீர் குழி பறிக்காதபடி கீழே கல் பாவியும் இருக்கட்டும். தடுப்புகள் உடைவதைவிட அதிகம் நடப்பது, தண்ணீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு கரையை அறுத்துப் போவதுதான்.

காற்று என்றால் கதை வேறு. முழு அடைப்புச் சுவர் காற்றைத் தூக்கிச் சுழலாக்கி அடுத்த பக்கம் குத்தவைக்கும். பாதி அடைப்பு, பாதி இடைவெளி உள்ள வேலி சரி. உயரத்தைப்போல் 10 முதல் 15 மடங்கு தூரம் காக்கும். நீளம் குறைந்தது உயரத்தின் 10 மடங்கு இருக்கட்டும். நடுவில் பாதைக்காக விடும் திறப்பில் காற்று முன்பைவிட வேகமாகப் பாயும். பாதையைச் சாய்வாக வெட்டினால் இது தவிரும். ஓடும் மணலுக்குச் சீனாவின் ஷாபோடோவில் ரயில் பாதையைக் காக்கச் செய்த வைக்கோல் கட்டங்களைவிட மலிவான வழி இல்லை: 1 மீட்டருக்கு 1 மீட்டர் சதுரம், வைக்கோலை மண்வெட்டியால் 15 செ.மீ. புதைத்து, 15 முதல் 20 செ.மீ. மேலே நிற்கவிடுவது. நாலைந்து ஆண்டில் அது மக்கிவிடும். அதற்குள் உள்ளே புதரோ, கீழே சொல்லப்போகும் உயிர்ப்பொருக்கோ பிடித்திருக்க வேண்டும். ஆண்டு மழை 250 மி.மீ.க்குக் கீழே என்றால் உயரமான மர வரிசையை மறந்துவிடுங்கள். அவை இருக்கிற ஈரத்தையும் குடித்துவிட்டுக் காயும்.

தொடவே கூடாத தரையும் உண்டு. கருத்து, சொரசொரப்பாக, கொஞ்சம் உப்பினாற்போல் தெரியும் மேற்பொருக்கு மழைப் பொருக்கு அல்ல. நீலப்பச்சைப் பாசியும் பூஞ்சைப்பாசியும் மணலை இழை இழையாகக் கட்டிவைத்திருக்கும் உயிர்ப்பொருக்கு அது. ஒரு துண்டைப் பெயர்த்தால் அடியில் மெல்லிய இழைகளில் மணல் கோத்துத் தொங்கும். தண்ணீர் தெளித்தால் சில நிமிடங்களில் பச்சை காட்டும். ஒரு வண்டிச்சக்கரம் ஏறினாலே உடையும், திரும்ப வளரப் பல பத்தாண்டு ஆகும். மேலே சொன்ன வளையம், கம்பி, குழி எதையும் இதன் மேல் வைக்காமல், நடைபாதையைக் கல் வைத்துக் குறித்து ஒதுக்கி விடுங்கள்.